எட்டுப் பேருக்கு நடுவே ஒருவர்!

(படிப்பகக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

சென்ற மாதம் பொதுக்கூட்டம் முடிந்து, குழல்விளக்குகளை அவிழ்த்துக்கொண்டிருந்த வேளையில், நமது தோழர் ஒருவர் என்னருகே வந்து நின்றார். சுவரொட்டிக்குப் பசை காய்ச்சிக் காய்ச்சிக் காய்த்துப்போன கைகள். கொடி கட்ட மரமேறி விழுந்ததால் சற்றே சாய்ந்த நடை. "அண்ணே, ஒன்று கேட்கலாமா?" என்றார். "கேளுங்கள்" என்றேன். "ஏதாவது ஒரு வாரியத்திலே எனக்கு ஓர் உறுப்பினர் பதவி கிடைக்க வழி செய்யக்கூடாதா?" என்றார். "எந்த வாரியம்?" என்றேன். "எதுவானால் என்ன, அண்ணே! நாற்காலி நாற்காலிதானே!" என்றார்.

சிரித்தேன், அவரும் சிரித்தார். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த வாசகம் என்னை விட்டபாடில்லை. பேராசைக்காரர் அல்லர் அவர். பதினைந்து ஆண்டுகள் இயக்கத்துக்காக உழைத்தவர். ஒரு வாய்த் தேநீர்கூடக் கணக்கில் எழுதாதவர். நாற்காலி நாற்காலிதான் என்று அவர் எண்ணினால், அது அவர் குற்றமாகுமா? நாற்காலி என்றால் என்ன என்று அவருக்கு யார் எடுத்துச் சொன்னோம்? நான் சொன்னேனா? நீங்கள் சொன்னீர்களா?

ஆகவே அவருக்குச் சொல்லவேண்டிய பதிலை இன்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிட வந்திருக்கிறேன். அதற்கு உங்களை நெடுந்தொலைவு அழைத்துச் செல்லப்போகிறேன். அமெரிக்க நாட்டின் தென்கோடியிலே, மிசிசிப்பி ஆறு கடலில் கலக்குமிடத்திலே உள்ள லூசியானா மாநிலத்துக்கு! அங்கே ஒரு வாரியம். என்ன வாரியம் தெரியுமா? சாவு வாரியம்! முகம் சுளிக்காதீர்கள். இறந்தோர் உடலைப் பதனிடுவோர், இறுதிச் சடங்கு நடத்துவோர், சவப்பெட்டி விற்போர் ஆகியோரின் தொழிலை ஒழுங்குபடுத்தும் வாரியம். அதில் ஒன்பது நாற்காலிகள். அந்த ஒன்பதில் யார் யார் அமர்ந்தார்கள், அதனால் என்ன விளைந்தது என்பதைக் கேட்டால், நாற்காலி நாற்காலிதானா என்பது தானாகவே விளங்கிவிடும்.

முதலில் ஒரு கேள்வி. சாவுக்கு எதற்கு வாரியம்? செத்தவர் புகார் செய்யப்போகிறாரா?

செத்தவர் புகார் செய்யமாட்டார், தோழர்களே! அதுதான் சிக்கலே. இருப்பவரோ, புகார் செய்யும் நிலையில் இருக்கமாட்டார். என் தந்தையார் மறைந்த இரவை எண்ணிப் பார்க்கிறேன். குளிர்பெட்டி வேண்டும் என்றார்கள், வந்தது. பந்தல் வேண்டும் என்றார்கள், வந்தது. அமரர் ஊர்தி வேண்டும் என்றார்கள்; வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை சொன்னார்கள். ஒன்றுக்கேனும் "ஏன் இவ்வளவு?" என்று நான் வாய் திறக்கவில்லை. கத்தரிக்காய்க்குக் கால்மணி நேரம் பேரம் பேசிடும் என் அத்தை, அன்று என் தோளைத் தொட்டு, "கொடுத்துவிடப்பா, இந்த நேரத்திலா கணக்குப் பார்ப்பது?" என்றார்கள். கொடுத்துவிட்டேன்.

உலகத்திலே எல்லாச் சந்தையிலும் வாங்குபவனுக்கு ஓர் ஆயுதம் உண்டு. "வேண்டாம், அடுத்த கடைக்குப் போகிறேன்" என்ற சொல்தான் அந்த ஆயுதம். சாவு வீட்டிலே மட்டும் அந்த ஆயுதம் கையிலிருந்து நழுவி விழுந்துவிடுகிறது. கண்ணீர் கண்ணை மறைக்கிறது, விலைச்சீட்டு தெரிவதில்லை. பேரம் பேசினால் பெற்றவரை அவமதித்ததாகிவிடுமோ என்ற அச்சம் நாவைக் கட்டிப்போடுகிறது. நேரமும் இல்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் முடியாது.

இந்த நிலையைப் பயன்படுத்தி அமெரிக்காவிலே ஒரு பெருந்தொழில் வளர்ந்தது. அதை அம்பலப்படுத்தியவர் ஓர் அம்மையார். ஜெசிகா மிட்ஃபோர்டு என்பது அவர் பெயர். இங்கிலாந்திலே பிரபு குடும்பத்திலே பிறந்து, பள்ளிக்கூடம் அனுப்பப்படாமல் வீட்டிலேயே படித்து, பின்னர் அமெரிக்காவிலே குடியேறியவர். 1963ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட 'அமெரிக்கச் சாவு முறை' என்ற பொருள்படும் தலைப்புடைய நூல், அந்நாட்டை உலுக்கியது. துயரத்தில் இருப்பவரிடம் தேவையற்ற அலங்காரங்களும், விலையுயர்ந்த பெட்டிகளும், கேளாத சேவைகளும் எப்படித் தலையில் கட்டப்படுகின்றன என்று அந்நூல் எடுத்துக்காட்டிற்று.

நூல் வந்தது 1963இல். கூட்டாட்சி அரசின் வணிக ஆணையம் ஒரு விதியைக் கொண்டுவந்து நடைமுறைப்படுத்தியது எப்போது? 1984இல்! இருபத்தோராண்டு! ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, வாக்குரிமையும் பெற்றுவிடும் காலம். அந்த விதி சொன்னதென்ன? விலைப் பட்டியலைக் காட்டவேண்டும். தொலைபேசியில் கேட்டாலும் விலையைச் சொல்லவேண்டும். வேண்டியதை மட்டும் தனித்தனியே வாங்கிக்கொள்ள உரிமை உண்டு. சவப்பெட்டியை வேறிடத்தில் வாங்கி வந்தாலும் மறுக்கக்கூடாது. அவ்வளவுதான். பின்னர் 1994இல், வெளியிலிருந்து வந்த பெட்டிக்குத் தனிக் கட்டணம் விதிப்பதும் தடுக்கப்பட்டது. ஏன் தடுக்கவேண்டியதாயிற்று? மறுக்கக்கூடாது என்றவுடன், "மறுக்கமாட்டோம், ஆனால் எங்கள் கூடத்துக்குள் கொண்டுவரக் கட்டணம் உண்டு" என்று புறப்பட்டார்கள்! முன்வாசலை மூடினால் பின்வாசல். அதையும் மூடினால் சன்னல்!

ஆக, காவல் தேவை என்பதில் ஐயமில்லை. காவலர் யார் என்பதுதான் கேள்வி. இப்போது லூசியானாவுக்கு வருவோம்.

1914ஆம் ஆண்டிலிருந்தே அந்த மாநிலத்தில் இத்தொழிலுக்கு ஒரு வாரியம் உண்டு. உறுப்பினர்களை நியமிப்பவர் மாநில ஆளுநர். இங்கே ஒரு விளக்கம் சொல்லியாகவேண்டும். அந்நாட்டிலே ஆளுநர் என்றால், தலைநகரிலிருந்து அனுப்பிவைக்கப்பட்டு மாளிகையில் தங்கிடும் விருந்தாளி அல்லர். மக்கள் முன் கைகூப்பி, வாக்குக் கேட்டு, வென்று வந்தவர். நம் முதலமைச்சருக்கு நிகரானவர். ஆகவே அவர் செய்திடும் நியமனம் மக்கள் தந்த அதிகாரத்தால் செய்யப்படும் நியமனம். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நான் சொல்லப்போகும் வழக்கு நடந்த காலத்திலே, அந்த ஒன்பது நாற்காலிகளையும் எப்படி நிரப்பவேண்டும் என்று சட்டமே வகுத்திருந்தது. உடலைப் பதனிடும் தொழிலில் உரிமம் பெற்றவர் நால்வர். இறுதிச் சடங்கு நடத்தும் தொழிலில் உரிமம் பெற்றவர் நால்வர். தொழிலோடு தொடர்பில்லாத வெளியார்? ஒருவர்! எட்டும் ஒன்றும் ஒன்பது. கணக்குச் சரிதான். நீதி சரியா?

தாயை இழந்த மகன் ஒருவன், தன்னிடம் அதிகம் வாங்கிவிட்டார்கள் என்று அந்த வாரியத்தின் படியேறிச் சென்றால், எதிரே யார் அமர்ந்திருப்பார்கள்? வாங்கியவரின் தொழிலைச் சேர்ந்த எட்டுப் பேர். அவர்களுக்கு நடுவே, யார் பக்கம் திரும்புவதென்று தெரியாத ஒருவர்! கோழிக்கூட்டுக்குக் காவல் வைக்கப்பட்ட ஒன்பதில் எட்டு நரிகள் என்று சொல்லிவிடலாம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் நான் அப்படிச் சொல்லமாட்டேன். அந்த எட்டுப் பேரும் கெட்டவர்களாக இருக்கவேண்டியதில்லை, தோழர்களே! நல்லவர்களாகவே இருக்கட்டும். கண்ணியமானவர்களாகவே இருக்கட்டும். என்றாலும், தன் கடைக்கு எதிரே புதுக்கடை ஒன்று முளைத்தால், அதற்கு உரிமம் தரலாமா என்று அவரிடமே கேட்டால், நல்லவர் என்ன சொல்வார்? "தரமாக இருக்குமா என்று ஐயமாக இருக்கிறது" என்பார். அந்த ஐயத்தை உண்மை என்றே நம்பவும் செய்வார்! தன்னலம் பொதுநலத்தின் உடுப்பை அணிந்து வரும்போது, அணிந்தவருக்கே அடையாளம் தெரிவதில்லை.

நடந்ததைக் கேளுங்கள். நாடகமாகவே போடலாம்.

முதற்காட்சி. லூசியானாவில் கோவிங்டன் நகரையடுத்து ஒரு மடம். புனித யோசேப்பு மடம் என்பது பெயர். நூறாண்டு கடந்த மடம். பெனடிக்டின் சபைத் துறவிகள் முப்பத்தெட்டுப் பேர் வாழ்ந்த இடம். தங்கள் உழைப்பாலேயே உண்ணவேண்டும் என்பது அவர்கள் நெறி. மடத்துக்குச் சொந்தமான காட்டு மரங்கள் வருவாய் தந்துவந்தன. 2005இல் கத்ரீனா புயல் அடித்தது, மரங்கள் மடிந்தன, வருவாயும் மடிந்தது. என்ன செய்வது என்று எண்ணினார்கள். தங்களில் ஒருவர் மறைந்தால் தாங்களே மரப்பெட்டி செய்து அடக்கம் செய்வது அவர்கள் வழக்கம். அந்தப் பெட்டி எங்களுக்கும் வேண்டும் என்று மக்கள் ஏற்கெனவே கேட்டுவந்தார்கள். சரி, அதையே செய்து விற்போம் என்று 2007இல் தச்சுப்பட்டறை தொடங்கினார்கள். இரண்டு வகைப் பெட்டி. ஒன்று 1500 டாலர். மற்றது 2000 டாலர். தொழில் நிலையங்கள் விற்ற விலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. உடலைப் பதனிடுவதாகச் சொல்லவில்லை. சடங்கு நடத்துவதாகச் சொல்லவில்லை. பெட்டி, வெறும் மரப்பெட்டி!

இரண்டாம் காட்சி. ஒரு பெட்டிகூட விற்குமுன், வாரியத்திலிருந்து கடிதம் வருகிறது: நிறுத்துங்கள்! இந்த மாநிலத்திலே சவப்பெட்டி விற்க உரிமம் பெற்றவருக்கே உரிமை. மீறினால் தண்டம், 180 நாள் வரை சிறையும் உண்டு!

உரிமம் பெறவேண்டுமானால்? மடம், இறுதிச் சடங்கு நிலையமாக மாறவேண்டும். முப்பது பேர் அமரத்தக்க கூடம் கட்டவேண்டும். ஆறு பெட்டிகளைக் காட்சிக்கு வைக்க அறை வேண்டும். உடல் பதனிடும் வசதி வேண்டும். உரிமம் பெற்ற ஒருவரை முழுநேர ஊழியராக அமர்த்தவேண்டும். அந்த உரிமத்துக்குக் கல்லூரிப் பாடம் படித்திருக்கவேண்டும், ஓராண்டு பயிற்சி பெற்றிருக்கவேண்டும், தேர்வு எழுதியிருக்கவேண்டும். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு மேடைக்கு வந்த என் போன்றவன் நாடகத்திலே சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரலாம்; அங்கே கடையில் வைத்து விற்கமுடியாது!

வேடிக்கையைக் கேளுங்கள். அந்த மாநிலச் சட்டப்படி, அடக்கம் செய்யச் சவப்பெட்டியே கட்டாயமில்லை. பெட்டி இப்படித்தான் இருக்கவேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. அதை மூடி முத்திரையிடவேண்டும் என்பதும் இல்லை. உங்கள் வீட்டுப் பெட்டியை நீங்களே செய்துகொள்ளலாம். வேறு மாநிலத்துக் கடையிலிருந்து இணையத்தின் வழியே வரவழைத்துக்கொள்ளலாம். பக்கத்து மடத்துத் துறவியிடம் மட்டும் வாங்கக்கூடாது! பெட்டியே இல்லாமல் புதைத்தால் மக்கள் நலத்துக்குக் கேடில்லையாம். துறவி செய்த பெட்டியில் புதைத்தால் கேடாம்! இதை ஒரு நாடகத்திலே எழுதினால், "மிகைப்படுத்துகிறான்" என்று என்னைக் கண்டிப்பீர்கள். சட்டப் புத்தகத்திலே எழுதினார்கள், கண்டிக்க ஆளில்லை.

மூன்றாம் காட்சி. துறவிகள் சட்டமன்றத்தை நாடினார்கள். 2008இலும் 2010இலும் திருத்தம் கொண்டுவர முயற்சி நடந்தது. தொழில் நடத்துவோர் எதிர்த்தனர். முயற்சி குழுநிலையைத் தாண்டவில்லை. ஆகவே 2010இல் கூட்டாட்சி நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். 2011இல் மாவட்ட நீதிமன்றம் துறவிகள் பக்கம் தீர்ப்பளித்தது. வாரியம் மேல்முறையீடு செய்தது. 2013 மார்ச்சில் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் துறவிகள் பக்கமே நின்றது. மக்களைக் காப்பதற்கும் இந்தத் தடைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரு தொழிலாரின் வருவாயைக் காப்பது மட்டுமே ஒரு சட்டத்தின் பயன் என்றால் அது நியாயமான காரணமாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். வாரியம் உச்சநீதிமன்றம் வரை சென்றது. அதே ஆண்டு அக்டோபரில் அங்கும் கதவு திறக்கவில்லை. பெட்டிகள் விற்பனைக்கு வந்தன.

திரை விழுந்தது, கைதட்டலாம் என்று எண்ணுகிறீர்களா? பொறுங்கள்!

2007இல் வந்த ஒரு கடிதத்தை முறியடிக்க 2013 வரை ஆயிற்று. துறவிகளுக்குப் பொறுமை உண்டு. வழக்காடத் துணைநின்றோரும் இருந்தனர். ஒற்றைத் தச்சன் ஒருவன் பட்டறை வைத்திருந்தால்? கடிதம் கண்ட மறுநாளே உளியை உறையில் போட்டிருப்பான். அவன் வழக்கு எந்தச் சட்டநூலிலும் ஏறியிருக்காது.

இன்னொன்றும் உண்டு. நீதிமன்றம் எப்போதும் இப்படியே தீர்ப்பளிக்கும் என்ற உறுதியும் இல்லை. ஒக்லகோமா மாநிலத்திலே இதேபோன்ற சட்டம். சவப்பெட்டி விற்பனையைப் பற்றிய இதேபோன்ற வழக்கு. 2004இல் பத்தாம் வட்டார நீதிமன்றம் என்ன சொல்லிற்று? உள்ளூர்த் தொழிலைக் காத்திட அரசு விரும்பினால் அதுவும் தக்க நோக்கமே என்று கூறிச் சட்டத்தை நிலைநிறுத்திற்று! ஒரே நாடு, ஒரே அரசியல் சட்டம், ஒரே பெட்டி. ஒரு நீதிமன்றம் ஆகாது என்கிறது, மற்றொன்று ஆகும் என்கிறது. ஆகவே, நியமனத்திலே செய்த தவற்றை நீதிமன்றம் திருத்திக்கொள்ளும் என்று நாம் உறங்கிவிட முடியாது. தவறு தொடங்கியது நீதிமன்றத்தில் அல்ல, நாற்காலியில்.

உடனே ஒருசாரார் துள்ளி எழுவார்கள். "பார்த்தாயா! வாரியமே வேண்டாம் என்பதுதானே நாங்கள் சொல்வது? கலைத்துவிடு, சந்தை பார்த்துக்கொள்ளும்" என்பார்கள். அவர்களைக் கொலராடோ மாநிலத்துக்கு அழைத்துச் செல்லலாம்.

கொலராடோவிலே இத்தொழிலுக்கு வாரியம் இருந்தது. 1980களில் அதைக் கலைத்துவிட்டார்கள். இறுதிச் சடங்கு நடத்துபவருக்குத் தேர்வும் தேவையில்லை, உரிமமும் தேவையில்லை என்ற நிலை பல்லாண்டுகள் நீடித்தது. என்ன நடந்தது? 2023 அக்டோபரில் பென்ரோஸ் என்ற சிற்றூரில் ஒரு கட்டடத்திலிருந்து துர்நாற்றம் வீசுவதாகச் செய்தி வந்தது. அதிகாரிகள் உள்ளே புகுந்தார்கள். எரியூட்டவோ அடக்கம் செய்யவோ ஒப்படைக்கப்பட்ட ஏறத்தாழ 190 உடல்கள் அழுகிக் கிடந்தன! ஆண்டுக்கணக்காகக் கிடந்தவையும் அவற்றில் உண்டு. அந்த உடல்களுக்கு உரியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? சாம்பல் என்று தரப்பட்டதை வாங்கி, கலயத்தில் வைத்து, கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். சிலருக்குத் தரப்பட்டது சாம்பலே அல்ல. உலர்ந்த சிமென்ட் கலவை!

என் தாய் என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டது சிமென்ட் என்று அறிந்திடும் மகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். சந்தை பார்த்துக்கொண்டதா? அதற்குப் பிறகுதான், 2024இல், உரிமம் வேண்டும், ஆய்வு வேண்டும் என்று அந்த மாநிலம் சட்டம் இயற்றியது.

ஜார்ஜியா மாநிலத்திலும் இதுபோல் ஒன்று நடந்ததுண்டு. நோபிள் என்ற ஊரிலே எரியூட்டும் நிலையம் ஒன்று. 2002இல் அதன் வளாகத்திலே, எரிக்கப்படாமல் போடப்பட்ட 334 உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. அந்த நிலையம் மக்களோடு நேரடியாக வணிகம் செய்யவில்லை, மற்ற நிலையங்களோடுதான் செய்தது என்ற காரணத்தால், சட்டத்தின் கண்ணிலிருந்து தப்பியிருந்தது.

ஆக, ஒருபுறம் லூசியானா: வாரியம் உண்டு, தொழிலாரின் கையில். மறுபுறம் கொலராடோ: வாரியமே இல்லை. அங்கே மரப்பெட்டியைத் தடுத்தார்கள். இங்கே பிணக்குவியலைத் தடுக்க ஆளில்லை. காவல் வேண்டும், அந்தக் காவல் காக்கப்படுவோரின் கையில் இருக்கவேண்டும். இன்று நான் சொல்லவந்தது இதைத்தான்.

"அது சரி, அண்ணே! உடல் பதனிடுவது மருந்துக் கலவை சேர்ந்த வேலை. நோய் பரவாமல் காக்கவேண்டிய வேலை. அதைப்பற்றி அறியாதவரை அமர்த்தினால் என்ன ஆகும்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி; நேர்மையான கேள்வி. விடை சொல்கிறேன்.

வழக்கு மன்றத்திலே மருத்துவரை அழைக்கிறோம். காயம் எத்தகையது, எந்த ஆயுதத்தால் ஆனது என்று அவர் சாட்சி சொல்கிறார். மன்றம் செவிமடுக்கிறது. அதற்காக அவரை நீதிபதியின் இருக்கையில் ஏற்றி அமர்த்துவதுண்டா? அறிவுடையோர் வேண்டும், வாரியத்திலேயேகூட இருவர் மூவர் இருக்கட்டும், அவர்கள் சொல்லும் விவரம் பதிவாகட்டும். ஆனால் வாக்கெடுப்பு என்று வரும்போது, அந்தத் தொழிலில் பிழைக்காதவர் கையே மிகுந்திருக்கவேண்டும்.

இது என் கற்பனை அல்ல. அமெரிக்க உச்சநீதிமன்றமே 2015இல் இந்தத் திசையில் ஒரு தீர்ப்பு வழங்கியிருக்கிறது. அது சாவைப் பற்றியதல்ல, பல்லைப் பற்றியது. வட கரோலினா மாநிலத்துப் பல் மருத்துவ வாரியத்திலே எட்டு உறுப்பினர். அவர்களுள் அறுவர் தொழில் நடத்தும் பல் மருத்துவர்கள். அந்த அறுவரைத் தேர்ந்தெடுப்பவரும் பல் மருத்துவர்களே! வாடிக்கையாளர் சார்பில் ஒருவர். பல்லை வெண்மையாக்கும் வேலையை, பல் மருத்துவர் அல்லாதோர் அங்காடிகளிலே குறைந்த கட்டணத்துக்குச் செய்யத் தொடங்கினார்கள். அந்த வாரியம் என்ன செய்தது? கடிதம் எழுதிற்று: நிறுத்துங்கள்! கேட்ட குரலாக இல்லையா? துறவிகளுக்கு எழுதிய அதே பேனா, வேறு மை!

உச்சநீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் சொன்னது இது: ஒரு வாரியத்தின் பிடி அந்தத் தொழிலை நடத்துவோர் கையிலேயே இருக்குமானால், "நாங்கள் அரசு, ஏகபோகத் தடுப்புச் சட்டம் எங்களைத் தொடாது" என்று அவர்கள் கூறித் தப்பிக்க இயலாது. அரசு அவர்களை உண்மையாகவே மேற்பார்வை செய்திடவேண்டும். அரசின் முத்திரை கையில் இருப்பதாலேயே ஒரு வணிகர் சங்கம் அரசாகிவிடாது.

இப்போது ஆளுநரைப் பற்றிச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? மக்கள் தந்த அதிகாரம்! எட்டு நாற்காலிகளைத் தொழிலாருக்கென்று ஒதுக்கியது சட்டம்; அந்தச் சட்டத்தை இயற்றியது மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம்; நியமனத்தில் கையெழுத்திட்டது மக்கள் தேர்ந்தெடுத்த ஆளுநர். யாரும் வாளோடு வந்து பறித்திடவில்லை. மக்கள் பார்க்காத வேளையிலே, மக்கள் பெயராலேயே கைமாறிற்று. தேர்தல் நாளிலே விழித்திருந்த மக்கள், நியமன நாளிலே உறங்கிவிட்டார்கள். சட்டமன்ற உறுப்பினர் யார் என்று ஊரே அறியும். வாரிய உறுப்பினர் யார் என்று யார் அறிவார்? அறிந்திருந்தவர்கள் ஒரே ஒரு கூட்டத்தார்: அந்த வாரியத்தால் ஆதாயம் அடையக்கூடியவர்கள். அவர்கள் உறங்கவில்லை.

இனி, நம் தோழருக்கு வருகிறேன்.

தோழரே! நீங்கள் கேட்ட நாற்காலி எந்த வாரியத்துடையதாகவும் இருக்கலாம். சாவைக் காக்கும் வாரியமோ, தறியைக் காக்கும் வாரியமோ, குடிநீரைக் காக்கும் வாரியமோ, எதுவானாலும் அது அந்த ஒன்பதாவது நாற்காலிதான். எட்டுப் பேர் தொழில் தெரிந்தவர், சட்டவிதி மனப்பாடமானவர், ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்துக்கொள்பவர். நீங்கள் புதியவர். முதற்கூட்டத்திலே தேநீர் வரும், முறுக்கு வரும், "தலைவர் எப்படி இருக்கிறார்?" என்று நலம் விசாரிப்பார்கள். பிறகு ஒரு காகிதம் வரும். "வழக்கமான தீர்மானம்தான், கையெழுத்திடுங்கள்" என்பார்கள். அந்தக் காகிதத்திலே ஒரு துறவியின் மரப்பெட்டி இருக்கலாம். ஒரு மகளின் சாம்பல் கலயம் இருக்கலாம். நாற்காலி நாற்காலிதான் என்று எண்ணுபவர் கையெழுத்திட்டுவிடுவார். பசை காய்ச்சிய அதே கை!

என்ன செய்யவேண்டும்? நான்கு சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று. அமருமுன், அந்தத் தொழிலில் உங்களுக்கோ, உங்கள் மைத்துனருக்கோ, சம்பந்திக்கோ பங்கு உண்டா என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். உண்டென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவருக்கே பதவியை நம்பிக் கொடுக்கலாம்.

இரண்டு. முதற்கூட்டத்திலே புகார்ப் பதிவேட்டைக் கேளுங்கள். எத்தனை புகார் வந்தது, யாரிடமிருந்து வந்தது, என்ன செய்தார்கள்? மக்களிடமிருந்து வந்த புகார் எத்தனை, போட்டிக் கடைக்காரர் தந்த புகார் எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். அந்த வாரியம் யாருக்காக நடக்கிறது என்பது அந்த ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

மூன்று. ஒவ்வொரு தடையாணை வரும்போதும், "இதனால் யாருக்கு என்ன தீங்கு நேராமல் தடுக்கப்படுகிறது?" என்று கேளுங்கள். விடை வரவில்லையென்றால், "இதனால் யாருக்கு என்ன ஆதாயம்?" என்று கேளுங்கள். அதற்கு விடையை அவர்கள் சொல்லவேண்டியதில்லை, முகத்திலேயே தெரியும்.

நான்கு. எட்டுக்கு ஒன்று என்று தோற்றுப்போவீர்கள். பலமுறை தோற்பீர்கள். தோற்கும்போது வாய்மூடி எழுந்து வந்துவிடாதீர்கள். மாறுபட்ட கருத்தைக் காரணத்தோடு எழுதி, கூட்டக் குறிப்பிலே சேர்க்கச் சொல்லுங்கள். பின்னொரு நாள் யாரோ ஒருவர் நியாயம் கேட்டு வரும்போது, "அன்றே ஒருவர் சொன்னார்" என்பதற்கு அந்த ஏடு சாட்சியாகும்.

ஐந்தாவதும் ஒன்றுண்டு, அது தோழருக்கல்ல, நமக்கு. ஒருவரை மட்டும் அனுப்பிவிட்டு, எட்டுப் பேருக்கு நடுவே அவரைத் தனியே தவிக்கவிடுவது நியாயமல்ல. அந்த எட்டும் ஒன்றும் என்ற கணக்கையே மாற்றும்படி கேட்கவேண்டியது நம் கடமை. உறுப்பினர் பட்டியல் வெளியாகும் நாளிலே, தேர்தல் முடிவைப் படிப்பதுபோல் அதைப் படிக்கவேண்டும். யார் இவர்? இந்தத் தொழிலுக்கும் இவருக்கும் என்ன உறவு? இவருக்கு எதிரே வந்து நிற்கப்போகும் ஏழையின் சார்பில் யார்? இந்த மூன்று கேள்வியையும் படிப்பகத்திலே கேளுங்கள், தெருமுனையிலே கேளுங்கள். நியமித்தவர் நம்மவர் என்றால், இன்னும் உரத்துக் கேளுங்கள்.

என் தந்தையார் மறைந்த இரவிலே நான் வாய் திறக்கவில்லை என்றேன். அன்று என் சார்பிலே யாரோ ஒருவர், எங்கோ ஓர் அறையிலே, முன்கூட்டியே வாய் திறந்திருக்கவேண்டும். அதற்காகத்தான் அந்த நாற்காலி. அழுதுகொண்டிருப்பவனுக்காகப் பேசுவதற்கு ஒருவர் வேண்டும் என்பதற்காகத்தான் அரசு ஒரு வாரியம் அமைக்கிறது; அந்த ஒருவருக்குச் சம்பளம் தருகிறதோ இல்லையோ, முத்திரை தருகிறது.

தோழரே, நீங்கள் முன்வரிசையிலே அமர்ந்திருப்பதைப் பார்க்கிறேன். தலை குனிய வேண்டாம். நீங்கள் கேட்டதிலே தவறில்லை. உங்களைப் போன்றவர்தான் அந்த இடத்துக்குத் தேவை. கடை இல்லாதவர், கமிஷன் அறியாதவர், சாவு வீட்டிலே பந்தல் போட உதவியவர், அங்கே எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதைக் கண்ணால் கண்டவர். உங்கள் பெயரை நானே எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் அதற்கு முன், வரும் ஞாயிறு மாலை இதே படிப்பகத்துக்கு வாருங்கள். எந்த வாரியம் என்று முடிவு செய்துகொண்டு வாருங்கள். அதன் சட்டத்தை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். நான் எதிரே எட்டு நாற்காலிகளைப் போட்டு, நம் தோழர்களிலே எட்டுப் பேரை அமர்த்தி வைக்கிறேன். ஒரு காகிதத்தை உங்களிடம் நீட்டச் சொல்கிறேன்.

நீங்கள் முதலில் கேட்கும் கேள்வி என்ன என்பதை, நாங்கள் எல்லோரும் காத்திருந்து கேட்போம்.